மிஸ்ஸி எதையும் எறிவதில்லை

மிஸ்ஸியின் வீட்டில் குப்பைக் கூடை இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மீன் செதிலும் தேங்காய்ப்பூவில் மிஞ்சியதும் தென்னையடிக்குப் போகும். மற்றதெல்லாம் ஏதாவது ஒரு டின்னுக்குள் போகும். பிஸ்கட் டின், பால்மா டின், மெல்பனில் இருந்த அவருடைய அக்கா அனுப்பிய சொக்கலேட் டின். பொத்தான், ரிபன், மருந்துப் போத்தலின் இறப்பர் மூடி, சோடி தொலைந்த காதுப்பூ.

"கிடக்கட்டும் புள்ள. ஒரு நாளைக்கு உதவும்" என்பார். உதவியதோ இல்லையோ, கிடந்தது.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. கல்முனையில் கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அதை யாரும் பாவித்ததில்லை. ஒழுங்கையில் அவர் ஒருவர்தான் வேதக்காரர், கிறிஸ்தவர்; மற்ற வீடெல்லாம் முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். நான் பிறந்தபோது என்னை முதலில் தூக்கிய கை அவருடையது என்று உம்மா சொல்வார். அதையே மிஸ்ஸி சொன்னால் வேறு மாதிரி இருக்கும்: "உன்ட உம்மா கத்தின கத்தில பாண்டிருப்புக் கோயில் மணியே கேக்கல்ல."

இப்போது அவர் இங்கே இல்லை. மகள் வந்து கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நல்லதும் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை அந்த டின்கள் எல்லாம் திறபடும். எனக்குப் பாவாடை கட்டத் தெரிந்த வயதிலிருந்து அந்த நாள் என்னுடையது. மிஸ்ஸிக்கு முழங்கால் வருத்தம், முக்காலியில் ஏற முடியாது. நான்தான் ஏறுவேன். அவர் கீழே கதிரையில் இருந்துகொண்டு கட்டளை போடுவார். "இடப்பக்கம் கொஞ்சம் இறக்கு புள்ள. ஆ, கூடிப்போச்சு. கொஞ்சம் ஏத்து."

முதலில் கோழிகள். பீங்கானில், மண்ணில், மரத்தில், கண்ணாடியில் என்று ஒரு மேசை நிறையக் கோழிகள் வைத்திருந்தார். யார் யாரோ தந்தவை. ஒவ்வொன்றுக்கும் தந்தவரின் பெயரைச் சொல்வார். கடல் வந்த வருசம், சுனாமியில், அலுமாரியோடு அவை போய்விட்டன. வாப்பாவும் ஒழுங்கைக்காரர்களும் சேற்றைக் கிளறி, கிடைத்ததைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கோழிக்குத் தலை இல்லை. மிஸ்ஸி அதற்கு நீலத் துணியில் சின்னத் தொப்பி தைத்துக் கழுத்தை மூடி, எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தினார். "இதுதான் மூத்தவ. கடலுக்குப் போயிட்டு வந்தவ" என்று வருகிறவர்களுக்கு அறிமுகமும் செய்வார்.

பிறகு முயல்கள். அவை எல்லாம் மெல்பன் அக்காவின் உபயம். முயலுக்கும் இந்தப் பெருநாளுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். "எனக்கும் தெரியா புள்ள. அவுஸ்திரேலியாவில முயல்தான் முட்டை போடுது போல" என்றார்.

முட்டைகளை எங்கள் வீடு கொடுத்தது. ஈஸ்டருக்கு முந்திய மாதம் எங்கள் குசினியில் யாரும் முட்டையை உடைக்கக் கூடாது. ஊசியால் இரண்டு பக்கமும் துளை போட்டு, வாயால் ஊதி, உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு முட்டைக் கோதை முழுசாக மிஸ்ஸிக்குக் கொடுக்க வேண்டும். அது உம்மாவின் சட்டம். வட்டிலப்பம் செய்கிற நாளில் ஊதி ஊதி எங்களுக்குக் கன்னம் வலிக்கும். மிஸ்ஸி அந்தக் கோதுகளைப் பீற்றூட் தண்ணீரிலும் மஞ்சளிலும் வெங்காயத் தோலிலும் போட்டு நிறம் ஏற்றுவார்.

கடைசியாகத்தான் அந்தச் சின்னப் போர்வைகள். மிஸ்ஸி குவில்ட் என்பார், உம்மா துண்டுப் போர்வை என்பார். பெயர்தான் போர்வை, கைக்குழந்தைக்குக்கூட அது காணாது. உள்ளங்கை அகலத் துணித்துண்டுகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்து, நடுவில் பழைய பனியன் துணியை வைத்து, கையாலேயே தைத்தவை. கதிரை முதுகுகளுக்கு, டீவிக்கு, மாதா படத்துக்குக் கீழே, மிச்சம் சுவரில் கயிறு கட்டி வரிசையாக. ஒவ்வொரு துண்டும் ஒழுங்கையிலோ பக்கத்துப் பாண்டிருப்பிலோ ஆஸ்பத்திரியிலோ யாருடையதாவது ஒரு உடுப்பு. நான் பிறந்து நாற்பதாம் நாள் போட்ட சட்டை அதில் இருந்தது. வாப்பா உடுத்த மருதமுனைக் கைத்தறிச் சாரனில் ஒரு துண்டு இருந்தது. எனக்குக் கல்யாணம் நடந்தபோது கூறைச் சாரியின் சட்டைத் துணியில் மிஞ்சியதை மிஸ்ஸி வந்து கேட்டு வாங்கிப் போனார். முக்காலியில் நின்றுகொண்டு அவற்றைப் பார்ப்பது எனக்கு எங்கள் வீட்டுப் போட்டோ அல்பத்தைப் பார்ப்பது போலத்தான்.

இப்படி எங்கள் துணி அங்கே போன கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. உம்மா அக்கரைப்பற்றுக்காரி. வாப்பா வியாபாரத்துக்காகக் கல்முனையில் வீடு வாங்கியபோதுதான் உம்மா இந்த ஒழுங்கைக்கு வந்தார். பக்கத்தில் வேதக்காரர் யாரையும் அதுவரை அறிந்ததில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "உங்கட பெருநாள் எப்ப மிஸ்ஸி?" என்று கேட்டிருக்கிறார். மிஸ்ஸி, "பெரிய வெள்ளி வருது, மறுகா ஞாயிறு" என்றிருக்கிறார்.

உம்மாவுக்கு அது போதும். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கிழமைகளில் பெரியது. அதற்கு முன்னால் 'பெரிய' என்றும் போட்டுவிட்டால் கேட்க வேண்டுமா? அதுதான் பெருநாள், ஞாயிறு ஏதோ மிச்சம் மீதி என்று முடிவு கட்டிவிட்டார். மாட்டிறைச்சிப் புரியாணி சமைத்து, வட்டிலப்பம் அவித்து, புதுச்சாரி உடுத்து, அத்தர் பூசி, ரோசாப்பூத் தைத்த துணியால் தட்டத்தை மூடி, ஜும்ஆ முடிந்த கையோடு போய்க் கதவைத் தட்டினார். மிஸ்ஸி கறுப்பு உடுத்து, தண்ணீர்கூடக் குடியாமல், சிலுவைக்கு முன்னால் முழங்காலில் இருந்த நேரம் அது.

"பெருநாள் வாழ்த்து மிஸ்ஸி!"

மிஸ்ஸி தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கி, "சந்தோசம்" என்றாராம். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. அந்தப் புரியாணியை எறியவும் இல்லை. சூடாக்கிச் சூடாக்கி ஞாயிறுவரை வைத்திருந்து, பூசை முடிந்து வந்துதான் சாப்பிட்டார். அது களியாகிப் போயிருந்தது. அடுத்த வருசம் தட்டத்தை மூடிய அந்த ரோசாப்பூத் துணி, கதிரை முதுகில் ஒரு போர்வையின் நடுவில் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்டபோதுதான், மிஸ்ஸி சொல்லி, உம்மாவுக்கு விசயமே தெரிந்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் யாராவது விருந்தாளிக்கு மிஸ்ஸி இதைச் சொல்வார், உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "அத்தர் மணக்க மணக்க வந்து நிக்கா! ஆண்டவர் சிலுவையில, இவ வாழ்த்துச் சொல்லுறா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மிஸ்ஸி எதையும் எறிவதில்லை என்பது டின்களோடு நிற்கிற சங்கதி அல்ல என்று எனக்குக் கொஞ்சம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கோழிகளுக்கு நடுவில் விளிம்பு உடைந்த தேநீர்க் கோப்பை ஒன்று வைப்பார். எவளோ ஒரு பெரிய உத்தியோகத்தரின் மனைவி உடைந்ததையே பரிசு என்று கொடுத்தது. உடைந்த பக்கம் சுவரைப் பார்க்கட்டும் என்று நான் ஒருமுறை திருப்பி வைத்தேன். மிஸ்ஸி எழும்பி வந்து, அந்த முழங்காலோடு, அதை மறுபடி வெளியே பார்க்க வைத்தார்.

"அது அப்பிடியே இரிக்கட்டும். தந்த ஆளுக்குத் தெரியட்டும்."

"அவங்க வருவாங்களா மிஸ்ஸி?"

"வந்தாத் தெரியட்டும்."

அந்தப் பெண் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

பிறகு அந்த ஈஸ்டர். அந்தக் காலையை நான் சொல்லித்தான் யாரும் அறிய வேண்டும் என்றில்லை. உம்மா வட்டிலப்பத்தைத் தட்டத்தில் வைத்து மூடியிருந்தார். நான் அபாயாவை மாட்டிக்கொண்டு நின்றேன். என் கணவர் போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்து, "எங்கயும் போகாத" என்றார். மட்டக்களப்பில் தேவாலயத்தில் குண்டு. மிஸ்ஸியின் தங்கச்சி மகள் கல்யாணம் முடித்துப் போன இடம் வேறு சபை. அவள் அந்தத் தேவாலயத்தில்தான் இருந்தாள். உயிர் தப்பினாள், முகம் தப்பவில்லை.

செய்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போல இருந்தன. அந்த வாரமே பக்கத்து ஊரில் ஒரு வீடு வெடித்தது. பிறகு ஊரடங்கு, வீடு வீடாகச் சோதனை. குர்பானிக் கத்தியைக்கூடப் பயத்தில் கிணற்றில் போட்டோம். அந்தப் பாவிகளை நான் அன்றும் சபித்தேன், இன்றும் சபிக்கிறேன். மிஸ்ஸி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தங்கச்சி மகளின் கட்டிலோடு மாதக்கணக்கில் இருந்தார். திரும்பி வந்தது எங்களுக்குக் கதவுச் சத்தத்தில்தான் தெரிந்தது. மதிலுக்கு மேலால் கூப்பிட்டேன். "களைப்பாக் கிடக்கு, பிறகு கதைப்பம்" என்றார். அடுத்த ஈஸ்டர் கொரோனாவில் போனது.

அதற்கு அடுத்த ஈஸ்டருக்கு முதல் நாள் நான் போனேன். கூப்பிட்டு நான் என்றைக்கும் போனதில்லை, அதனால் இப்போதும் கூப்பிடுவார் என்று காத்திருக்கவில்லை. முட்டைக் கோதுகளைப் பஞ்சு வைத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கேட்டைப் பாதி திறந்தார். என் முகத்தைப் பார்க்க முதல் கையிலிருந்த பையைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் நான் பிறந்த நாளிலிருந்து இருந்ததெல்லாம் போய்விட்டது.

"வாங்க" என்றார்.

என்னை அவர் வா என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் வா, போ, நில், இறங்கு. மரியாதை இப்படி உறைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே எல்லாம் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மிஸ்ஸியின் மகள் வந்து தொங்கவிட்டிருக்கிறாள். கோழிகள், முயல்கள், சுவரில் போர்வைகள். முதலில் பார்த்தபோது வடிவாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். நிறங்களுக்கு நடுவில் அங்கங்கே வெள்ளைச் சதுரம். புதிதாக ஏதோ செய்திருக்கிறார் என்று கிட்டப் போனேன். வாப்பாவின் சாரன் இருந்த இடம் வெள்ளை. என் சட்டை இருந்த இடம் வெள்ளை. நடுவில் ரோசாப்பூ இருந்த இடம் வெள்ளை. ஒழுங்கையில் எங்கள் ஆட்கள் எல்லோருடைய துண்டையும் பிரித்து எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தார். நூல் பிசிறுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. போர்வையில் மிச்சமிருந்தவை பாண்டிருப்புத் தமிழ் ஆட்களின் துணியும் ஆஸ்பத்திரி மிஸ்ஸிமாரின் துணியும்தான்.

கதிரையில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். "இது ஆரு?" என்று மிஸ்ஸியிடம் கேட்டார்.

"பக்கத்து வீடு" என்றார் மிஸ்ஸி. கொஞ்சம் பொறுத்து, "இவட உம்மாதான் பெரிய வெள்ளியில மாட்டிறைச்சி கொண்டுவந்து தந்தவ. பெருநாள் வாழ்த்தெண்டு" என்றார்.

அதே கதை, ஏறக்குறைய அதே சொற்கள். சிரிப்பு மட்டும் இல்லை. அந்த அம்மா நாக்கைத் தட்டி, "தெரிஞ்சுதான் செஞ்சிரிப்பாங்க" என்றார்.

நான் மிஸ்ஸியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை, அவளுக்குத் தெரியாது, பாவம், ஊருக்குப் புதுசு என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த வசனம் அவரிடம் இருந்தது. எத்தனை வருசம் எத்தனை பேருக்குச் சொன்ன வசனம்.

"ஆருக்குத் தெரியும்" என்றார் மிஸ்ஸி.

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. "உம்மாவுக்குத் தெரியா மிஸ்ஸி. அவவுக்குத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் அறைக்குள் போய், ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே எங்கள் துண்டுகள். துவைத்து, அயன் பண்ணி, அடுக்கி, ரிபனால் கட்டியிருந்தார்.

"எறியல்ல புள்ள. நான் ஒண்டையும் எறியிறல்ல" என்றார்.

அந்த நேரத்தில் மட்டும் புள்ள என்றார். முட்டைக் கோதுகளை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்மேல் இரக்கம் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி மகளின் முகத்தை நானும் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் இரக்கம் வரவில்லை.

உம்மாவுக்கு அப்போது பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அல்லா! இது உன்ட சட்டையெலுவா? இது வாப்பாட சாரன். பாத்தியா, அயன் பண்ணி வெச்சிரிக்கா. அப்ப அந்தப் போர்வையெல்லாம் கிழிஞ்சி போச்சாகா?"

"ஓம் உம்மா. கிழிஞ்சி போச்சு."

"பழசுதானே. அவ புதுசு தைப்பா. அலுமாரில கீழ்த்தட்டில நல்ல துணி கிடக்கு, எடுத்துக் குடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமைக்கு முந்திக் குடு."

எவ்வளவு சொல்லியும் விடவில்லை. கடைசியில் என் மகளின் பெருநாள் சட்டைத் துணியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டடிக்குப் போனேன். உம்மா கேட்டால் பொய் சொல்லக் கூடாதே என்பதற்காகப் போனேன்.

மிஸ்ஸி துணியைக் கம்பிக்கு உள்ளே நின்றபடியே பார்த்தார். கை நீட்டவில்லை.

"எனக்கு இப்ப கண் தெரியிறல்ல. தைக்கிறதை உட்டுட்டன் எண்டு உம்மாட்டச் சொல்லுங்க."

அவருடைய கவுணின் தோள்பட்டையில் ஊசி ஒன்று குத்தியிருந்தது. அதில் வெள்ளை நூல் கோத்திருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஊசியை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, "வாங்கினாவா?" என்று உம்மா கேட்டார்.

"வாங்கினா."

"சிரிச்சாவா?"

"ஓம் உம்மா, சிரிச்சா."

"அவ மனசில ஒண்டையும் வெச்சிக்கிற மனிசி இல்ல" என்றார் உம்மா.

உம்மா மௌத்தானது அதற்கு அடுத்த வருசம், காலையில். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவானது. அறை நிறையப் பெண்கள் பாயில் இருந்தார்கள். நான் ஒரு கதிரையை எடுத்து வந்து வாசல் பக்கம் உம்மாவின் தலைமாட்டுக்குக் கிட்டப் போட்டேன். மிஸ்ஸியால் பாயில் இருக்க முடியாது. அவர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணியைப் பிரிக்கலாம், மரியாதை போட்டுப் பேசலாம், மௌத்து வீட்டுக்கு வராமல் விடுவாரா? இந்த அறையில்தானே என் தம்பி அவர் கையில் பிறந்தான். களைத்துப்போய் ஒருத்தி அந்தக் கதிரையில் இருக்கப் போனாள். "அது மிஸ்ஸிக்கு" என்று எழுப்பிவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மையித்தைத் தூக்கினார்கள். கதிரையில் யாரும் இருக்கவில்லை. பொழுதுபட்டு, மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகு அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

அப்போதுதான் முன்வீட்டு ராத்தா சொன்னார். "மிஸ்ஸி வெள்ளைச் சாரி உடுத்திட்டு அவட கேட்டடில வந்து நிண்டவகா. கையில செபமாலையும் இரிந்த. கனநேரம் நிண்டா. உள்ள நீங்க அழுறது கேக்கும்தானே. மறுகா கிறுகி உள்ளுக்குப் போயிட்டா."

வரவே இல்லை என்றால் நான் கோபித்திருப்பேன், ஒரு நாளைக்கு ஆறியும் இருப்பேன். உடுத்து வந்து நின்றாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ராத்தா சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை. மற்றவர்கள் அழுதார்கள், நான் அழவில்லை. மிஸ்ஸி வந்ததும் அவர் தோளில் விழுந்து அழலாம் என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தேன். உம்மாவுக்காக நான் இன்னும் அழவில்லை.